விரலுக்கு விலங்கு!

"ரேகை விழவில்லை!"

நியாயவிலைக் கடை வாயிலில் நீண்டு நின்ற வரிசையில் நாமும் நின்றிருந்தோம். நமக்கு முன்னே நின்ற மூதாட்டி, செங்கற் சூளையில் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவியின் மீது வைத்தார். எடுத்தார். முந்தானையில் துடைத்து மீண்டும் வைத்தார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், வலக்கை, இடக்கை, எல்லாம் பார்த்தாயிற்று. கருவி இணங்கவில்லை. அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். கடைக்காரர் அவரை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர். வரிசையில் நின்றோர் அனைவரும் அவரை 'ஆத்தா' என்று அழைப்பவர்கள். ஊரே அறிந்த ஒருவரை, உள்ளங்கையளவு பெட்டி 'அறியேன்' என்றது. பெட்டியின் சொல்தான் எடுபட்டது!

பின்னால் நின்ற முதியவர் ஒருவர், கோபமும் கேலியும் கலந்த குரலில் சொன்னார்: "எங்க தாத்தன் காலத்துல ரேகை வைக்கமாட்டோம்னு சொன்னதுக்குச் சுட்டுப்போட்டாங்க. இப்ப ரேகை விழுகலைன்னு அரிசி இல்லேங்குறாங்க. போ ஆத்தா, வெயிலுக்கு முந்தி வீடு போய்ச் சேரு!"

வரிசை சிரித்தது. நாமும் சிரித்தோம். மறுவாரம் அந்த மூதாட்டி கண்ணைக் காட்டி அரிசி பெற்றார் என்று பின்னர் அறிந்தோம். ஆனால் முதியவரின் சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. வகுப்பறையிலே பானிப்பட்டுப் போரையும் பிரெஞ்சுப் புரட்சியையும் தேதி தவறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

குன்றத்திலிருந்து ஒரு பார்வை

திருப்பரங்குன்றத்து மலைமீது ஏறி நின்று வடமேற்கே நோக்கினால் நாகமலைத் தொடரும், அதன் அருகே சமணர் மலையும் தெரியும். சமணர் மலையடியில் இருப்பது கீழக்குயில்குடி. அம்மலையின் பாறைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய உருவங்களும் வட்டெழுத்துகளும் உள்ளன. குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஆசிரியர், மாணாக்கர் பெயர்களை அவ்வெழுத்துகள் தாங்கி நிற்கின்றன. நாம் இன்று சொல்லும் 'பள்ளி' என்ற சொல்லே அத்தகைய துறவியர் உறைவிடங்களிலிருந்து வந்ததுதான்.

ஆசிரியனும் மாணவனும் தம் பெயரைக் கல்லில் எழுதி வைத்த அதே மலையடியில், 1914ஆம் ஆண்டு, வேறு வகைப் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. அதில் எழுத்து இல்லை. மை தடவிய விரல்களின் சுவடுகளே இருந்தன. கீழக்குயில்குடிக் கள்ளர்கள் குற்றப் பரம்பரையினர் என்று சென்னை மாகாண அரசு அறிவித்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த அறிவிப்பு பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதன் மீதும் பரவிற்று.

திருடினார்களா என்று கேட்டு, சாட்சி விசாரித்துத் தண்டித்தார்களா? இல்லை. பிறந்தார்கள்; அதுவே குற்றம்! பிறப்பிலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று விதித்த பழைய நூல்களுக்கும், பிறப்பிலேயே ஒருவன் திருடன் என்று விதித்த புதிய சட்டத்துக்கும் என்ன வேறுபாடு? முன்னது ஓலையில் இருந்தது. பின்னது அரசிதழில் வந்தது. அவ்வளவே.

சாய்ந்த காவல்

இது எப்படி நேர்ந்தது? அதற்கு ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

மதுரைச் சீமையில் பாதுகாப்பு என்பது அரசன் அனுப்பும் படையை மட்டும் நம்பி இருந்ததில்லை. ஊர்க்காவல், திசைக்காவல் என்ற முறைகள் இருந்தன. விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்கூலியாகப் பெற்றுக்கொண்டு, களவு போனால் மீட்டுத் தருவது அல்லது ஈடு கட்டுவது காவற்காரன் பொறுப்பு. களவு போன மாட்டைத் துப்பறிந்து மீட்பதற்குத் 'துப்புக்கூலி' என்றே ஒரு கூலி இருந்தது. எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்த பிறமலைக் கள்ளர்க்கு, வானம் பார்த்த புன்செயோடு இந்தக் காவலும் பிழைப்பு.

அந்த முறையை நாம் பொற்காலம் என்று போற்றவில்லை. காவலே கொள்ளையாக மாறியதும் உண்டு. கூலி கொடாத ஊரில் மாடு காணாமற்போனதும் உண்டு. காக்கும் கையும் கவரும் கையும் ஒன்றாகவே இருந்தால், அச்சத்தின் மீது எழுந்த அமைதிதான் கிடைக்கும். அதைச் சீர்திருத்தியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது சீர்திருத்தம் அன்று, தகர்ப்பு!

1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு பாளையக்காரர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1816இல் வந்த ஒழுங்குமுறைகள் கலெக்டரின் கீழ்ப் போலீசை அமைத்தன. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. பழைய காவல் சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று. புதிய காவலோ கிராமத்து மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. 1896ஆம் ஆண்டளவில், காவற்கூலி கொடுக்க மறுத்த குடியானவர்கள் ஊர்தோறும் பணம் திரட்டிப் 'பண்டு' அமைத்துக் கள்ளர் காவலை வெளியேற்றக் கிளம்பினர். மோதல்கள் மூண்டன.

அதற்கு முந்திய ஆண்டு, 1895 அக்டோபரில், பெரியாற்று அணை திறக்கப்பட்டது. அக்காலப் பொறியியலின் பெருஞ்சாதனை அது. பென்னிகுவிக் பெயரை இன்றும் மக்கள் நன்றியோடு சொல்கிறார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் கிழக்கே திரும்பிற்று; மேலூர்ப் பக்கம் வயல்கள் பசுமை பூண்டன. ஆனால் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு அந்த நீர் ஏறவில்லை. காவலும் போயிற்று, தண்ணீரும் வரவில்லை! பிழைப்பின் இரு கதவுகளும் சாத்தப்பட்ட மக்களிடையே களவு பெருகிற்று என்றால், வியப்பதற்கு என்ன இருக்கிறது?

பிழைப்புக்கு வழி செய்வதா, கண்காணிப்புக்கு வழி செய்வதா? இரண்டாவதே எளிது என்று முடிவு செய்தது அரசு. அதற்கு வாய்ப்பாக ஒரு புதிய கருவியும் கைக்கு வந்திருந்தது.

வங்கத்தில் பிறந்த வித்தை

விரல் ரேகையை அடையாளமாகக் கொள்ளும் முறையின் தொட்டில்களில் ஒன்று நமது நாடே. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி, சாலைப் பொருள் தர ஒப்பந்தம் எழுதிய ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் கையொப்பத்தோடு கையின் சுவட்டையும் வாங்கினார். 'நான் எழுதித் தரவில்லை' என்று நாளை மறுத்துவிடக் கூடாதே என்ற வணிக அச்சமே அதற்குக் காரணம். 1892இல் பிரான்சிஸ் கால்டன் ரேகைகள் பற்றி நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான ரேகைகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை, எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் உழைத்து உருவாக்கினர். முறைக்கு மட்டும் ஹென்றியின் பெயர்! 1897இல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் அமைந்தது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதைப் பின்பற்றிற்று.

வித்தையில் குற்றமில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவும், குற்றமற்றவனை விடுவிக்கவும் அது உதவியது. அறிவியலைக் கண்டு அஞ்சுவது பகுத்தறிவாளன் வேலை அன்று. கத்தி மருத்துவனிடம் இருக்கிறதா, கள்வனிடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, ரேகைப் பதிவேடு யாரிடம் இருந்தது, அவரைத் தட்டிக் கேட்க யார் இருந்தார் என்றே நாம் பார்க்கவேண்டும்.

யாரும் இல்லை என்பதே விடை!

வழக்காட வழியில்லை

1871இல் வட இந்தியாவுக்கென வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் பற்றிற்று. ஒரு குலத்தையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம். அறிவிக்கப்பட்டவர் பெயரைப் பதிவு செய்து, விரல் ரேகை எடுக்கலாம். குறித்த நேரத்தில் வந்து ஆஜராகும்படி கட்டளையிடலாம். ஊரை விட்டுப் போகாதபடி தடுக்கலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்கவும் விதி இருந்தது. பள்ளியில் பணிபுரியும் நாம் இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டோம். பள்ளி என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருளா!

இவற்றையெல்லாம் விடக் கொடிய விதி ஒன்று இருந்தது. அரசின் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்றது சட்டம். ஒரு தனி மனிதன் கொலை செய்தாலும் அவனுக்கு வழக்கு உண்டு, வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு. ஒரு சமூகமே திருட்டுச் சமூகம் என்றால், அதை மறுக்க மன்றம் இல்லை! கருவி கூர்மையாயிற்று, கருவியைக் கேள்வி கேட்கவேண்டிய நீதியின் வாய் கட்டப்பட்டது. இரண்டும் ஒருசேர நிகழ்ந்ததை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறை எப்படி இருந்தது? இரவில் காவல் நிலையத்தில் சென்று படுக்கவேண்டும். வெளியூர் செல்ல 'ராத்திரிச் சீட்டு' வேண்டும். அறுவடைக் காலத்தில் அடுத்த சீமைக்குக் கூலிக்குச் செல்பவன், சீட்டுக்காக நின்றால் வேலை போயிற்று. சீட்டில்லாமல் சென்றால் சிறை. உறவினர் சாவுக்குப் போவதற்கும் ஒருவன் அனுமதியை எதிர்நோக்கி நின்றான். பாதுகாப்புக்கென வந்த சட்டம் பிழைப்பைக் குலைத்தது. பிழைப்பு குலைந்ததும் களவு நேர்ந்தது. களவைக் காட்டிச் சட்டத்தை இறுக்கினார்கள்!

பெருங்காமநல்லூர்

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூருக்கு ரேகை பதிக்க அதிகாரிகள் வந்தனர். உடன் ஆயுதப் போலீசும் வந்தது. "நாங்கள் உழுது பிழைப்பவர்கள், ரேகை வைக்கமாட்டோம்" என்று ஊர் மறுத்தது. துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். வரிசையில் நின்ற முதியவர் சொன்ன 'தாத்தன் காலம்' இதுதான்.

அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மதுரையில் வக்கீல் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப். பிறந்தது கேரளம்; மதம் வேறு, மொழி வேறு. ஆயினும் அம்மக்களின் வழக்குகளைத் தம் வழக்காகக் கொண்டார். 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த மக்கள், தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று இச்சட்டத்தை எதிர்த்தார். பொதுவுடைமைத் தோழர்களும் போராடினர். 1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கிற்று; 1952இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

கடல் கடந்த விரல்

இது மதுரைக் கதை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. வங்கத்தில் ரேகை முறையை நிறுவிய எட்வர்டு ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று போலீசை அமைத்தார். ஆறே ஆண்டில், 1906இல், டிரான்ஸ்வாலில் வாழும் ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அங்கே வாழ்ந்த தமிழர்கள் அதை எதிர்த்த போராட்டத்தில் முன்னணியில் நின்றனர். தம்பி நாயுடு மீண்டும் மீண்டும் சிறை சென்றார். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சீட்டுகளைக் குவித்து எரித்தனர்.

அந்தப் போரில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கட்டாயம் நீங்கும் என்ற உடன்பாட்டை நம்பி 1908 தொடக்கத்தில் காந்தியாரே தம் ரேகையைத் தாமாக முன்வந்து பதித்தார். உடன்பாடு காக்கப்படவில்லை என்று கண்ட பின்னரே சீட்டுகள் எரிந்தன. விரலைக் கொடுப்பதில் இழிவில்லை. மறுக்கும் உரிமை இல்லாதபோது அதைப் பிடுங்குவதில்தான் இழிவு இருக்கிறது.

செத்த சட்டத்தின் நிழல்

சட்டம் செத்தது, அதன் நிழல் சாகவில்லை. 'வழக்கமான குற்றவாளிகள்' என்ற பெயரில் புதிய சட்டங்கள் முளைத்தன. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர் பட்டியலில் உள்ளன. ஊரில் ஒரு பொருள் காணாமற்போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை அவர்களில் பலர் இன்றும் அறிவர். சிறை விதி நூல்களில் இம்மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் எழுத்து நீடித்ததைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3! சட்டம் ஒழிந்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

பெருங்காமநல்லூரில் குருதி சிந்திய அதே 1920இல், கைதிகளின் ரேகையையும் அளவுகளையும் எடுக்க இன்னொரு சட்டம் பிறந்தது. அது நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2022இல் புதிய சட்டத்துக்கு இடம் விட்டது. புதியது பழையதைவிட அகன்ற வாய் கொண்டது: விரல், உள்ளங்கை, பாதம், கண்பாவை, உடற்கூறு மாதிரிகள், நடத்தைக் கூறுகள் வரை அது எட்டுகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு மனிதன் வாழும் காலத்தைவிட அவன் விரலின் சுவடு வாழும் காலம் நீளலாம்!

உலகம் செல்லும் திசை

மை தடவிய காலம் போய்விட்டது. இன்று முகமே ரேகை; நடையே ரேகை; குரலே ரேகை. இக்கருவிகளை உலகம் எப்படிக் கையாள்கிறது?

சீனத்தின் சின்ஜியாங்கில் உய்குர் மக்களின் உடலடையாளங்கள் பெருமளவில் திரட்டப்பட்டன. எவர் சந்தேகத்துக்குரியவர் என்று கணிப்பொறி பட்டியலிட்டது. ஒரு சமூகமே சந்தேகத்துக்குரியது என்ற 1911ஆம் ஆண்டுச் சிந்தனை மின்சாரம் பெற்று எழுந்தது! அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே 2020இல், முகத்தை ஒப்பிடும் பொறி பிழையாகக் காட்டியதால் கறுப்பினத்தவர் ஒருவர் தம் வீட்டு வாசலில், குடும்பத்தார் கண்முன்னே கைது செய்யப்பட்டார். அங்கே நீதிமன்றம் திறந்திருந்தது, அவர் வழக்காடினார், நகரப் போலீசு தன் விதிகளை மாற்ற நேர்ந்தது.

ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கப் படை பல ஆண்டுகள் மக்களின் ரேகைகளையும் கண்பாவைகளையும் திரட்டிற்று. 2021 ஆகஸ்டில் காபூல் அரசு கவிழ்ந்தபோது, அத்தகைய கருவிகள் தாலிபான் கையில் சிக்கின என்ற செய்தி வந்தது. நேற்று ஒருவனுக்குச் சம்பளம் தருவதற்காக எடுத்த அடையாளம், இன்று அவனைத் தேடிப் பிடிக்கும் வழியாக மாறக்கூடும் என்ற நிலை! வங்கதேசத்தில் அடைக்கலம் புகுந்த ரோகிங்கியா மக்களிடம் உதவி வழங்கத் திரட்டிய விவரங்கள், அவர்கள் எந்த நாட்டிலிருந்து உயிருக்குத் தப்பி ஓடினார்களோ அந்த மியான்மருக்கே சென்றன என்று 2021இல் மனித உரிமை அமைப்பு வெளிப்படுத்திற்று.

எல்லா இடத்திலும் கருவி ஏறக்குறைய ஒன்றே. விளைவை மாற்றியது எது? மன்றம்! கேள்வி கேட்கும் மன்றம் உள்ள இடத்தில் கருவி கருவியாக இருந்தது, பிழை செய்தால் திருத்தப்பட்டது. மன்றம் சாய்ந்த இடத்தில் கருவி எசமானன் ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், பொது இடங்களில் முகங்களை உடனுக்குடன் அடையாளம் காண்பதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. வரம்பு விதிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நம் நாட்டில்? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிற்று. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில், அரசின் உதவிகளுக்கு அதைக் கேட்கலாம் என்றும், தனியார் நிறுவனங்கள் அச்சட்டத்தைக் காட்டிக் கேட்கலாகாது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 2023இல் விவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆனால் அரசு தான் குறிப்பிடும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. வேலியை அமைத்து, வீட்டுக்காரனுக்கு மட்டும் ஒரு வாயிலைத் திறந்து வைத்த கதை! அந்த வாயிலில் காவல் நிற்பது யார்?

நாம் நிற்கவேண்டிய இடம்

கருவிகளை உடைத்தெறியுங்கள் என்று நாம் கூறவில்லை. போலி அட்டை ஒழிந்து, ஏழையின் அரிசி ஏழைக்கே சேருமானால் கருவி வாழ்க! ஆனால் அந்தக் கருவி தவறும்போது, 'தவறிற்று' என்று சொல்லும் உரிமை மூதாட்டிக்கு வேண்டும். அதைக் கேட்டு அன்றைக்கே அரிசி அளக்கும் அதிகாரம் ஒரு மனிதனிடம் வேண்டும். அவனும் தவறினால் கேட்க ஓர் ஊராட்சி மன்றமும், அதற்கு மேல் ஒரு நீதிமன்றமும் விழித்திருக்க வேண்டும். இவை தேய்ந்தால், மிகச் சிறந்த பொறியும் 1911ஆம் ஆண்டுப் பதிவேடாகவே மாறும்.

மன்றங்கள் ஒரே நாளில் இடிவதில்லை. கேட்பவர் இல்லாதபோது அவை கறையான் அரிப்பதுபோல் மெல்ல உள்ளீடற்றுப் போகின்றன. ஆகவே, தோழர்களே, கிராமசபை கூடும் நாளில் செல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியோரின் பெயர்களைக் குறித்து, அதிகாரியின் மேசைமீது வையுங்கள். ரோசாப்பூ துரையைப்போல, நம் சாதி அல்லாதவர், நம் மதம் அல்லாதவர் வழக்கையும் நம் வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் நம் மாணவர்களைச் சமணர் மலைக்கு அழைத்துச் சென்றோம். பாறையில் செதுக்கிய பழைய எழுத்துகளைக் கண்ட சிறுவன் ஒருவன், "ஐயா, இவங்க எல்லாம் ஏன் பேரை எழுதி வச்சாங்க?" என்று கேட்டான். "தாங்கள் இன்னார் என்று தாங்களே சொல்வதற்காக" என்றோம். கீழே அவனுடைய ஊர் தெரிந்தது. அவன் தாத்தாவின் தந்தை இன்னார் என்பதை, அவரைக் கேளாமலே, மை தடவிய விரல் கொண்டு யாரோ எழுதிய ஊர் அது.

அவன் தன் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு நிலைக்க வேண்டும். அதற்கான பொறுப்பு நம் தலைமுறையுடையது.